‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் ஒரு படம்

உப்புவெளி
09.03.2024

அன்பின் ஷிஃபானாவுக்கு,

நலம். நீயும் உன் மாப்பிள்ளை றுவைஸ் நானாவும் டோஹாவில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நீ போய் நாற்பது நாளாகிறது. போகும்போதே ஒரு கட்டளையும் போட்டுவிட்டுப் போனாய். வெப்சைட் விஷயம் எல்லாம் ஈமெயிலில், எழுத்தில், திகதி போட்டு வர வேண்டும். வொய்ஸ் அனுப்பினால் பிறகு தேடி எடுக்க ஏலாது. சரி, எழுதுகிறேன். உனக்கென்ன, மேசையும் லேப்டொப்பும் இருக்கிறது. நான் இராசதுரை அண்ணனின் கடைக்குள் நனைந்த லைஃப் ஜக்கெட்டுகளுக்கு நடுவில் இருந்து கட்டைவிரலால் தட்டுகிறேன். உன் கதிரையில் இன்னும் ஒருவரையும் இருத்தவில்லை. படகுப் பதிவையும் நானே எழுது என்கிறார் அண்ணன். சுற்றுலா ஆட்கள் கடலுக்குள் போட்டுவிட்டுத் தருகிற மாஸ்க்குகளைக் கழுவுவதும் நான், பதிவு எழுதுவதும் நான்.

போன ஆவணியில் வந்த அந்த ஜேர்மன் பெண்ணை மறந்திருக்க மாட்டாய். சோடாப் போத்தல் அடி மாதிரிக் கண்ணாடி போட்டவள். புறாத்தீவுக்குப் போய் வந்து, எல்லாரும் சுறா பார்த்தார்கள், எனக்கு நீல நிறம் மட்டும்தான் தெரிந்தது என்று கடைப் படியில் இருந்து அழுதாள். கண்ணாடிப் பவர் போட்ட என்னுடைய மாஸ்க்கைத் தூக்கிக் கொடுத்தேன். அவளுக்கும் எனக்கும் ஒரே மைனஸ் ஐந்து. அடுத்த நாள் திரும்பப் போய் எல்லாம் பார்த்துவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அன்றைக்குத்தான் நீ சொன்னாய்: “இப்பிடிக் கண் தெரியாத ஆக்கள் உலகம் முழுக்க இருப்பாங்க. அவங்களுக்கு எந்த மாஸ்க் வாங்கலாமெண்டு சொல்ல ஒரு வெப்சைட் செய்வம்.”

யோசனை உன்னுடையது. மாஸ்க் என்னுடையது. நீதானே எழுத்தில் கேட்டாய், அதனால் இதையும் எழுத்தில் போடுகிறேன்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. நீ கலியாணம் முடித்து விமானம் ஏறிவிட்டாய். நான் இன்னும் ஊரார் மாஸ்க்குக்குள் துப்பின தண்ணீரைக் கழுவிக்கொண்டு இருக்கிறேன். இந்த வெப்சைட் சரிவந்தால் அந்த வேலையை விட்டுவிடுவேன். எனக்கு வேறு ஒன்றும் இல்லை. ஆகவே விளையாட்டாக எடுக்காதே.

அன்புடன்,
ஜெயரூபி


டோஹா
17.03.2024

அன்பின் ஜெயரூபிக்கு ஸலாம்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பாதி ஏச்சு என்றாலும் ஊர் வாசனை இருந்தது.

நான் விளையாட்டாக எடுக்கவில்லை. றுவைஸ் காலையில் போனால் மஃரிப் நேரம்தான் வருகிறார். நான் பதினோராம் மாடியில் தனியே இருந்து இதையே படிக்கிறேன். விளங்கியதை உனக்கும் சொல்கிறேன். முதலில் இருபது பக்கம். ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில். மைனஸ் ஐந்துக்கு எது நல்லது, மூக்குத்தி போட்டவருக்கு எது, சிறிய முகத்துக்கு எது. ஆட்கள் தேடி வருவார்கள், வாசிப்பார்கள், எங்கள் லிங்கைத் தட்டிக் கொம்பனியின் ஒன்லைன் கடைக்குப் போய் வாங்குவார்கள். விற்றால் கொம்பனி எங்களுக்குக் கொமிஷன் தரும். எல்லாருக்கும் எல்லா மாஸ்க்கும் என்று எழுதினால் பெரிய தளங்களோடு போட்டி போட ஏலாது. கண்ணாடி போட்டவர்களுக்கு மட்டும் என்று இருந்தால் இடம் இருக்கிறது.

கணக்கு என் பெயரில்தான் திறக்க வேண்டியிருந்தது. அந்தக் கொம்பனி இலங்கை வங்கிகளுக்கு அனுப்புவதில்லை. வருவதில் சரி பாதி உனக்கு.

ஒரு சட்டம் இருக்கிறது, கவனமாகக் கேள். எங்கள் லிங்கில் நாங்கள் வாங்கக் கூடாது. வீட்டாரும் கூடாது, சொந்தக்காரரும் கூட்டாளிமாரும் கூடாது. வாங்கச் சொல்லவும் கூடாது. கண்டுபிடித்தால் கணக்கை மூடிவிடுவார்கள்.

நாலு மாஸ்க் வாங்கி ஊருக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். கிண்ணியாவில் உம்மாவிடம் இருக்கும். கடலில் போட்டுப் பார்த்து எழுது. நீ தமிழில் எழுது, நான் இங்கிலீஷில் ஆக்குகிறேன்.

துஆவுடன்,
ஷிஃபானா


உப்புவெளி
28.04.2024

அன்பின் ஷிஃபானாவுக்கு,

வருஷப் பிறப்பு முடிந்த கையோடு கிண்ணியாவுக்கு பஸ் ஏறினேன். ரபீக்கா உம்மா என்னைச் சும்மா விடவில்லை. வட்டிலப்பம் தந்து, அது முடிய இன்னொரு துண்டும் வைத்தா. “எண்ட மகள் போனா என்ன, நீ இரிக்கிறாய்தானே” என்றா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலு மாஸ்க்கையும் பத்து நாள் போட்டுப் பார்த்தேன். கறுப்பு விளிம்பு மாஸ்க் எனக்கு அளவு. ஆனால் இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் வேறு வேறு பவர் போட ஏலாது; ஒரு கண் மட்டும் மோசமான ஆட்களுக்கு அது சரிவராது. நீலம் அழகு, அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் மூக்குப் பாலம் வலிக்கிறது. வெள்ளை ரப்பர் வெயிலில் வைத்தால் மஞ்சளாகும், எங்கள் கடையில் பார்த்திருக்கிறேன். சிறியதுதான் தங்கம். அதோடு இதையும் எழுது: ஒரு தலைமயிர் விளிம்பில் மாட்டினாலும் தண்ணீர் உள்ளே வரும், மாஸ்க்கைக் குறை சொல்லாமல் முதலில் நெற்றியைத் துடைக்க வேண்டும். இதை ஒரு கடைக்காரனும் சொல்ல மாட்டான்.

உன் சட்டத்தை வாசித்துச் சிரித்தேன். சொந்தக்காரர் வாங்கக் கூடாத கடையும் ஒரு கடையா? எங்கள் ஆட்களில் யாராவது கடை திறந்தால் முதல் நாள் குடும்பமே போய் ஒரு சவர்க்காரக் கட்டியாவது வாங்கும். வாங்காவிட்டால்தான் கோபம் வரும்.

உன் லேப்டொப் மேசையின் படம் பார்த்தேன். யன்னலுக்கு வெளியே கடல் தெரிகிறது. அதுவும் உனக்குத்தான்.

அன்புடன்,
ஜெயரூபி


டோஹா
30.05.2024

அன்பின் ஜெயரூபிக்கு,

வெப்சைட் ஏறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். இருபத்திரண்டு பக்கம். போய்ப் பார். அவசரமாக எழுதுகிறேன், றுவைஸ் கீழே நிற்கிறார்.

ஷிஃபானா


உப்புவெளி
01.06.2024

ஷிஃபானா,

பார்த்தேன். நிறம், எழுத்து எல்லாம் வடிவு. பிறகு ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தைத் திறந்தேன். அங்கே நீ நிற்கிறாய். உப்புவெளிக் கடலில் இடுப்பளவு தண்ணீரில், மாஸ்க்கை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு.

அந்தப் படத்தை எடுத்தது நான். அந்த மாஸ்க் என்னுடையது. நீ மைனஸ் ஒன்று. கண்ணாடி இல்லாமல் பஸ் போர்டு வாசிப்பாய். இடுப்புக்கு மேலே தண்ணீர் வந்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு கலிமா சொல்கிறவள் நீ. கீழே என்ன எழுதியிருக்கிறாய் என்று பக்கத்து கெஸ்ட் ஹவுஸ் பிள்ளையிடம் கொடுத்து வாசிப்பித்தேன். “திருகோணமலைக் கடலில் இந்த மாஸ்க் எல்லாவற்றையும் நானே போட்டுப் பார்த்தேன்” என்று இருக்கிறதாம்.

எனக்கு வயிறு எரிகிறது. மறைக்க மாட்டேன். மாப்பிள்ளை உனக்கு, வெளிநாடு உனக்கு, இங்கிலீஷ் உனக்கு. எனக்கென்று இருந்தது இந்தக் கெட்ட கண்ணும் அது தந்த புத்தியும்தான். அதிலும் உன் முகத்தை ஒட்டிவிட்டாய்.

ஜெயரூபி


டோஹா
20.07.2024

அன்பின் ஜெயரூபிக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்ததற்கு மன்னித்துக்கொள். ஐந்து தரம் எழுதி அழித்தேன்.

நீ சொன்னது சரி. முகம் இல்லாத தளத்தை ஆட்கள் நம்ப மாட்டார்கள் என்று படித்தேன். கையில் இருந்த படம் அது ஒன்றுதான். ‘நாங்கள்’ என்று எழுதியிருக்க வேண்டும். இப்போது மாற்றிவிட்டேன். உன் பெயரை முதலில் போட்டேன். மாஸ்க்கோடு ஒரு படம் அனுப்பு, இன்றைக்கே போடுகிறேன்.

நல்ல செய்தியும் இருக்கிறது. விற்பனை தொடங்கிவிட்டது. நோர்வேயில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறா. பதினைந்து வருஷமாகக் கடலுக்குள் மகளின் முகத்தை அவ பார்த்ததில்லையாம். நெற்றியைத் துடைக்கச் சொன்ன வரிக்குத் தனியாக நன்றி சொல்லியிருக்கிறா. அது உன் வரி. அவவுக்குப் பதில் எழுதும்போது அதைச் சொன்னேன்.

நீ மறைக்காமல் எழுதினாய், நானும் எழுதுகிறேன். எனக்கும் உன்னில் பொறாமை இருக்கிறது. நீ பத்து நாள் கடலில் நின்றேன் என்று எழுதினபோது கையடக்கத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். என் யன்னலுக்கு வெளியே இருக்கிற கடலில் கால் நனைக்க இரண்டு மாதத்தில் ஒருநாள் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

துஆவுடன்,
ஷிஃபானா


உப்புவெளி
28.07.2024

அன்பின் ஷிஃபானாவுக்கு,

படம் அனுப்ப மாட்டேன். கேட்டு வாங்கி இரண்டாவதாகப் போடுகிற படம் எனக்கு வேண்டாம்.

வேறு ஒன்று செய். மைனஸ் ஐந்துக்கு மேலே உள்ளவர்களுக்கான பக்கம் முழுக்க முழுக்க நான் சொன்னது. அதன் விற்பனையைத் தனியாக எண்ண ஏலுமா? என் பக்கம் எவ்வளவு விற்கிறது, உன் பக்கங்கள் எவ்வளவு விற்கின்றன என்று எனக்குத் தெரிய வேண்டும். பாதி பாதி என்று நீ தருவது பெரிய மனசு. ஆனால் தருமத்துக்குத் தருகிறாயா, நான் உழைத்ததற்குத் தருகிறாயா என்று நான் அறிய வேண்டாமா?

வாங்குகிற ஆட்களின் பெயர் உனக்குத் தெரியுமா?

அன்புடன்,
ஜெயரூபி


டோஹா
02.09.2024

அன்பின் ஜெயரூபிக்கு,

பெயர் தெரியாது. எந்த நாள், எந்தச் சாமான், எந்தப் பக்கத்தில் இருந்து போனது, திரும்பி வந்ததா என்பது மட்டும்தான் காட்டும்.

நீ கேட்டபடி பிரித்தேன். ஆகஸ்டில் மற்றப் பக்கங்களில் இருந்து முப்பத்தொன்று. உன் பக்கத்தில் இருந்து நாலு. இதைப் பெரிதாக எடுக்காதே. மைனஸ் ஐந்துக்கு மேலே ஆட்களே குறைவு. அந்த நாலு பேரும் வேறு எங்கேயும் பதில் கிடைக்காமல் வந்தவர்கள். எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

நீ கேட்டாய் என்றுதான் எழுதினேன். எண்ணி எண்ணிப் பார்த்தால் எங்கள் இரண்டு பேருக்கும் நல்லதல்ல.

ஷிஃபானா


டோஹா
04.10.2024

ஜெயரூபி, இந்த முறை உன் பக்கம் பதினாறு. மாஷா அல்லாஹ். மற்ற எல்லாம் சேர்த்து இருபத்தொன்று. சந்தோஷம் தாங்க ஏலாமல் எழுதுகிறேன். உம்மாவிடமும் சொன்னேன்.

ஷிஃபானா


உப்புவெளி
05.10.2024

அன்பின் ஷிஃபானாவுக்கு,

பதினாறா? நான் நினைத்ததுதான். ஒரு பக்கம் தனியே நின்று இருபத்தொரு பக்கத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆட்கள் குறைவு என்றாயே. கடலில் நின்றவளின் எழுத்துக்கு ஆட்கள் வருவார்கள்.

இராசதுரை அண்ணனிடம், அடுத்த சீசனுக்கு வேறு ஆள் பாருங்கோ என்று சொல்லிவிட்டேன். “என்ன பிள்ளை, லொத்தர்ச் சீட்டு விழுந்திட்டுதோ?” என்று கேட்டார். “ஓம் அண்ணை, அப்பிடித்தான்” என்றேன்.

இனிப் படம் வேண்டுமென்றால் அனுப்பலாம். முதலாவதாகப் போடுவதாக இருந்தால்.

அன்புடன்,
ஜெயரூபி


டோஹா
23.10.2024

அன்பின் ஜெயரூபிக்கு,

கொம்பனி கணக்கை மூடிவிட்டது. நேற்று அறிவித்தார்கள். எங்களுக்கு வேண்டப்பட்டவர்களே லிங்கில் வாங்கியிருக்கிறார்களாம், அது சட்டத்துக்கு மாறானதாம். வர இருந்ததும் வராது. என் பெயரில் இனி அங்கே கணக்குத் திறக்க ஏலாது.

என் மதினி பஹ்மியா இங்கே பக்கத்துக் கட்டிடத்தில் இருக்கிறா. அவ ஒரு மாஸ்க் வாங்கினா. அதனால் இருக்கலாம் என்று நினைக்கிறேன். றுவைஸிடமும் அப்படித்தான் சொன்னேன். “சும்மா இருந்திருக்கலாம், எங்கட குடும்பத்தையும் இழுத்திட்டீங்க” என்றார்.

உனக்கு வேறு ஏதாவது காரணம் தெரிந்தால் எழுது. எதுவாக இருந்தாலும் எழுது. நான் கோபிக்க மாட்டேன்.

ஷிஃபானா


உப்புவெளி
24.10.2024

அன்பின் ஷிஃபானாவுக்கு,

கடையில் வேலையையும் விடுகிறேன் என்று சொல்லிவிட்டு நிற்கிறேன்.

பஹ்மியா மதினிதான் காரணம், சந்தேகமே இல்லை. படித்த மனுஷி, உன் வீட்டாள், சட்டம் தெரியாமலா வாங்கினா? நீயாவது சொல்லியிருக்க வேண்டும். என் ஆட்கள் கனடாவில் அத்தனை பேர் இருக்கிறார்கள். நான் ஒருவரிடமும் ஒரு சொல் விடவில்லை. எனக்கு வேறு ஒரு காரணமும் தெரியாது.

உன் மதினி செய்ததற்கு என் பிழைப்புப் போய்விட்டது என்று நினைக்கத்தான் தாங்க ஏலாமல் இருக்கிறது.

ஜெயரூபி


டோஹா
02.11.2024

ஜெயரூபி,

பஹ்மியா மதினி மாஸ்க் வாங்கவில்லை. அவவுக்குக் கடல் என்றாலே பயம். “உங்கட பேரை ஒருக்கா எடுக்கட்டா மதினி” என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். “அவ இல்லை, நான்தான்” என்று நீ எழுதுவாய் என்று பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஒக்டோபர் பதினெட்டாம் திகதி வெப்சைட்டில் ‘எங்களுக்கு எழுதுங்கள்’ என்ற பெட்டிக்குள் ஒரு செய்தி வந்தது, தமிழில். அதில் எழுதுவது என்னிடம் வரும் என்று எழுதினவருக்குத் தெரியாது. அப்படியே தருகிறேன்: “பிள்ளை ஜெயரூபி, நீ சொன்னபடி நாங்கள் பன்னிரண்டு பேரும் உன்ர பக்கத்துக்குள்ள போய் வாங்கினனாங்கள். லோஜினி வீட்டாக்கள் திருப்பிக் குடுத்திட்டினம். எனக்குத் திருப்பிற வழி தெரியேல்ல. நீ முன்னுக்கு வந்திட்டியோ? கமலாதேவி மாமி, ஸ்காபரோ, கனடா.”

அதற்குப் பிறகுதான் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டும் மூன்று நாளுக்குள் போயிருக்கிறது. பன்னிரண்டும் பவர் இல்லாத வெறும் கண்ணாடி. மைனஸ் ஐந்துக்கு மேலே உள்ளவர்களுக்கான பக்கத்தில் இருந்து. பார்க்கிற யாருக்கும் விளங்கும். கொம்பனிக்கும் விளங்கியிருக்கிறது.

நீ அதைச் செய்ததற்கு எனக்குக் கோபம் வரவில்லை, அல்லாஹ் அறிய. உன் குடும்பத்தில் கடை திறந்தால் எல்லாரும் வாங்குவார்கள் என்று நீயே எழுதினாய். என்னை விட ஒன்றாவது கூடுதலாக விற்க வேண்டும் என்று உனக்கு இருந்தது. அதையும் நான் விளங்கிக்கொள்வேன். ஆனால் ஒரு பாவமும் அறியாத மனுஷியை நான் உன் முன்னால் நிறுத்தியபோது, ஒரு இரவு தாண்ட முதல் நீ அவவின் தலையில் எல்லாவற்றையும் கட்டினாய். “உன் மதினி” என்று எழுதினாய். அதை என்னால் மறக்க ஏலாது.

வெப்சைட்டை உன் பெயருக்கு மாற்றிவிட்டேன். பெயர், கடவுச்சொல், எல்லாப் பக்கமும் இதோடு வரும். உன் வங்கிக்கு நேரே அனுப்புகிற வேறு கொம்பனி ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு உன்னைத் தெரியாது, ஆகவே உனக்குக் கணக்குத் தருவார்கள். எப்படி விண்ணப்பிப்பது என்று ஒன்றொன்றாகத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். என் படத்தை எடுத்துவிட்டேன். அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. உன் படத்தைப் போடு.

இனி எனக்கு எழுதாதே.

ஷிஃபானா


உப்புவெளி
09.03.2025

அன்பின் ஷிஃபானாவுக்கு,

எழுதாதே என்றாய். நாலு மாதம் எழுதவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன், நீ திறக்காவிட்டாலும் பரவாயில்லை.

நான்தான். கனடாவில் இருக்கிற மச்சாள் லோஜினியிடம் சொல்லி, குடும்பக் குழுவில் நானே லிங்கைப் போட்டு, “வாங்கிப்போட்டுத் திருப்பிக் குடுத்தாலும் காரியமில்லை, எண்ணிக்கைதான் வேணும்” என்று கேட்டனான். சட்டம் நினைவிருந்தது. நாலு என்ற எண்ணை நீ எழுதின நாளில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ ஆறுதல் சொன்னதுதான் இன்னும் எரிந்தது. பஹ்மியா மதினியின் பெயரைப் பார்த்ததும், அப்பாடா என்று இருந்தது. அதுதான் உண்மை. அதைவிட நல்ல காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

புதுக் கொம்பனி தை மாதம் கணக்குத் தந்தது. உன் குறிப்பில் ஒரு பிழையும் இருக்கவில்லை. போன மாதம் இருபத்தெட்டு விற்றது. எல்லாம் முன்பின் தெரியாத ஆட்கள். குடும்பக் குழுவில் இருந்து விலகிவிட்டேன். கடை வேலையையும் விட்டுவிட்டேன், எனக்கென்று ஒரு லேப்டொப் இருக்கிறது. இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன். படமும் போட்டேன். மாஸ்க்கோடு, தனியே. கடிதங்கள் இப்போது எனக்கு வருகின்றன, நன்றி ஜெயரூபி என்று. ஒவ்வொன்றையும் திறக்கும்போது உன் பெயர் இருக்குமா என்று முதலில் பார்க்கிறேன்.

பாதியை உனக்கு அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. அதனால் நோன்புக்குக் கொஞ்சம் சாமான் வாங்கிக்கொண்டு நேற்றுக் கிண்ணியாவுக்குப் போனேன். வாசலில் நின்று ஏசுவா என்று நினைத்துத்தான் போனேன். ரபீக்கா உம்மா ஓடிவந்து கையைப் பிடித்தா. நோன்பு திறக்க இருத்தி, கஞ்சி ஊற்றித் தந்தா. கணக்கு மூடினது கூட அவவுக்குத் தெரியாது. நீ ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

வரும்போது, “ஷிஃபானா உனக்கு ஒழுங்கா எழுதுறாளா மகள்?” என்று கேட்டா.

ஓம் உம்மா, கிழமைக்குக் கிழமை எழுதுகிறா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜெயரூபி